மூட்டையைத் தேர்ந்தெடுப்பது யார்?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பழமொழியை நீங்கள் அறிவீர்கள். அரிசி வெந்ததா என்று பார்க்க யாரும் பானையைக் கவிழ்த்து ஒவ்வொரு பருக்கையாகச் சோதிப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்குகிறோம். முழுப் பானையைப் பற்றியும் முடிவு செய்துவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தவறுவதில்லை. ஏன் தவறுவதில்லை என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

காரணம் பருக்கையில் இல்லை; கொதிநீரில் இருக்கிறது. கொதிக்கும் நீர் அரிசியை இடைவிடாமல் மேலும் கீழுமாகப் புரட்டுகிறது. இதனை வெப்பச் சலனம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். எல்லாப் பருக்கைகளும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைப் பெறுவதால், எதை எடுத்தாலும் அது மற்றவற்றுக்குச் சாட்சி சொல்லும். நீர் போதாமல் போன பானையில் இப்பழமொழி பலிக்காது. அடிச்சோறு தீய்ந்து, மேற்சோறு நறுக்கென்று நிற்கும்.

இப்போது சமையலறையை விட்டு ஒரு நெல் கிடங்குக்கு வருவோம். அங்கே 5,000 மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கலக்கிவிடக் கொதிநீர் இல்லை. எந்த மூட்டை முன்வரிசைக்கு வரவேண்டும், எது அடியில் போக வேண்டும் என்பதையெல்லாம் மனிதர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். சில மூட்டைகளை மட்டும் பார்த்து இந்த 5,000 மூட்டைகளைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது புள்ளியியல். ஆனால் ஒரு நிபந்தனை விதிக்கிறது. அந்த நிபந்தனையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அரசின் நெல், ஆலையின் கிடங்கு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்து மாணவர்களுக்கு நெல் கிடங்கு புதிதன்று. பவானி ஆற்றின் கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனப் பகுதியில் அறுவடை தொடங்கியதும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறக்கப்படுகின்றன. அவற்றை நடத்துவது 1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். விவசாயி கொண்டுவரும் நெல்லின் ஈரப்பதத்தைப் பார்க்கிறார்கள். பொதுவாக அது 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பின் தூற்றி, எடை போட்டு, 40 கிலோ மூட்டைகளாகத் தைக்கிறார்கள். கொள்முதல் முடிந்த பிறகு அந்த நெல் அரசின் உடைமை.

ஆனால் ரேஷன் கடையில் நெல்லை வாங்கி யார் என்ன செய்வது? அதை அரிசியாக்க வேண்டும். ஒரு பகுதியைக் கழகத்தின் சொந்த ஆலைகள் அரைக்கின்றன. மற்றொரு பகுதி, அரவை முகவர்களாக நியமிக்கப்பட்ட தனியார் ஆலைகளுக்கு ஒப்பந்தத்தின் பேரில் போகிறது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியானால் 68 கிலோவும் பச்சரிசியானால் 67 கிலோவும் திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. நம் 5,000 மூட்டைகளில் இருப்பது 200 டன் நெல். அதிலிருந்து 136 டன் புழுங்கலரிசி வர வேண்டும். 50 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 2,720 மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிலோ குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்குகிறவர் தோளுக்குக்கூட அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் மொத்தத்தில் 2,720 கிலோ போய்விடும். மாதம் 20 கிலோ வாங்கும் 136 குடும்பங்களின் ஒரு மாத அரிசி அது!

பொருள் அரசினுடையது, அது இருக்கும் இடமோ ஒப்பந்தக்காரருடையது. இந்த நிலை நெல்லுக்கு மட்டும் உரியதன்று. அரசு வேலையைச் செய்துகொடுக்க ஒரு தொழிற்சாலையிடம் ஒப்படைக்கப்பட்ட இயந்திரம், கட்டட ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கப்பட்ட சிமெண்டு, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருக்கும் உதிரிப் பாகங்கள் எல்லாம் இவ்வகையே. ஒவ்வொரு கிடங்கின் வாசலிலும் ஓர் அதிகாரியை நாள் முழுவதும் நிறுத்தி வைக்க எந்த அரசாலும் முடியாது. ஆகவே பொருளை வைத்திருப்பவரே அவ்வப்போது சோதித்து, "இவ்வளவு பார்த்தேன், இவ்வளவு குறை கண்டேன்" என்று எழுதித்தரச் சொல்லும் வழக்கம் தோன்றியது. அமெரிக்காவில் அரசுப் பொருளை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் தம் நிர்வாகத்தைத் தாமே குறித்த காலங்களில் ஆய்வு செய்ய வேண்டும் என்பதை 2007-இல் திருத்தப்பட்ட கொள்முதல் விதிகள் கட்டாயமாக்கின.

"இது நன்றாக இருக்கிறதே! மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போல" என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் விடைத்தாளைத் தானே திருத்தினாலும், எந்த வினாவைத் திருத்துவது என்பதைத் தான் முடிவு செய்யாமல், எவரும் மறுபடி திருத்திப் பார்க்கும்படி தாளைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அங்கேதான் புள்ளியியல் உதவிக்கு வருகிறது.

எல்லாவற்றையும் எண்ணினால் என்ன?

முழுவதையும் எண்ணிவிடுவதே சிறந்தது என்று தோன்றும். பொருள் குறைவாக இருக்கும்போது அது சரி. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். வேறு துறை ஆசிரியர் ஒருவர் வந்து திருகு அளவி, கோளமானி, தராசு என்று பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுவார். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். மூன்றாவது மணி நேரத்தில் அலமாரிக் கண்ணாடி வழியாகவே எண்ணத் தொடங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் எண்ணும் மனிதக் கண் களைத்துப்போகும். களைத்த கண்ணால் 5,000 மூட்டைகளை எண்ணுவதைவிட, தெளிந்த கண்ணால் சில மூட்டைகளை எடை போட்டுப் பிரித்துப் பார்ப்பது நம்பகமான முடிவைத் தரக்கூடும்.

நம் மத்திய அரசின் பொது நிதி விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன. 2017-ஆம் ஆண்டு விதிகளில் அரசு நூலகங்களுக்கென்று சுவையான ஒரு பகுதி உண்டு. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். 20,000-க்கு மேல் 50,000 வரையானால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 50,000-ஐத் தாண்டினால் மாதிரிச் சரிபார்ப்புப் போதும்; அதுவும் மூன்று ஆண்டுகளுக்குள் நடக்க வேண்டும். மாதிரியில் வழக்கத்துக்கு மாறான குறைவு தென்பட்டால் முழுச் சரிபார்ப்பு. படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஆண்டில் ஐந்து காணாமற்போவது இயல்பு என்றும் அவ்விதிகள் ஏற்றுக்கொள்கின்றன, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரையில். ஆனால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் ஒவ்வொன்றுக்கும் விசாரணை உண்டு. விலையுயர்ந்ததையும் மலிவானதையும் ஒரே குவியலாக்கிச் சீட்டுப் போடக் கூடாது என்ற நுட்பம் இதில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்.

இருபத்திரண்டு மூட்டைகள்

சரி, எத்தனை மூட்டைகளைப் பார்த்தால் போதும்? கொஞ்சம் கணக்குப் போடுவோம். பத்தாம் வகுப்பு நிகழ்தகவே இதற்குப் போதும்.

நம் கிடங்கில் பத்தில் ஒரு மூட்டை குறையுள்ளது என்று கொள்வோம். எடை குறைவு, ஈரம், தையல் பிரிந்தது, ஆளையே காணோம் என்று எதுவாகவும் இருக்கட்டும். எவை குறை என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், அது முக்கியம். சீட்டு எடுத்து ஒரு மூட்டையைப் பார்க்கிறோம். அது நல்ல மூட்டையாக இருக்க நிகழ்தகவு 0.9. இரண்டு மூட்டைகளும் நல்லவையாக இருக்க 0.9 × 0.9 = 0.81. பத்தும் நல்லவையாக இருக்க ஏறத்தாழ 0.35. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், 22-ஆவது மூட்டையில் பெருக்கற்பலன் 0.1-க்குக் கீழே இறங்கிவிடுகிறது, 0.098 வருகிறது. அதாவது, பத்தில் ஒரு பங்கு குறையுள்ள கிடங்கு, சீட்டு முறையில் எடுத்த 22 மூட்டைகளில் ஒரு குறைகூடக் காட்டாமல் தப்பிப்பதற்கு நூற்றில் பத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. குறை 5 சதவீதமாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்றால் 45 மூட்டைகள் தேவை. ஒரு சதவீதக் குறையையே பிடிக்க வேண்டுமானால் 230. கணிப்பானை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இக்கணக்கில் கிடங்கின் மொத்த அளவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு முதன்முதலில் வியப்பூட்டியது இதுதான். 20,000 மூட்டைகள் உள்ள கிடங்குக்கு 22 போதும். வெறும் 200 மூட்டைகள் உள்ள கிடங்குக்கோ 21 வேண்டும்! "பத்தில் ஒன்றைப் பார்த்தால் போதும்" என்று அலுவலகங்களில் சொல்லும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பது இதிலிருந்து விளங்கும். அவ்வழக்கப்படி 20,000 மூட்டைகளில் 2,000-ஐப் புரட்டி ஆட்களை வீணாகக் களைக்கச் செய்கிறோம். 50 மூட்டைகள் உள்ள சிறு கிடங்கில் ஐந்தோடு நின்றுவிடுகிறோம். அந்த 50-இல் ஐந்து குறையுள்ளவை என்றால், நாம் எடுத்த ஐந்தில் ஒன்றுகூட அகப்படாமல் போக நூற்றுக்கு 58 வாய்ப்பு இருக்கிறது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடவும் இது மோசம்.

ஆலைக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். நன்றாக நடக்கும் ஆலையிலும் நூற்றில் ஒரு மூட்டை குறைப்படலாம். எலி கடிக்கும், கொக்கி கிழிக்கும். 22 மூட்டைகளில் ஒன்றில்கூடக் குறை கூடாது என்று விதித்தால், அந்த நல்ல ஆலையும் ஐந்து முறைக்கு ஒருமுறை தேர்வில் தோற்றுவிடும். இது அநீதி. இதற்கு வழி இருக்கிறது: 38 மூட்டைகளை எடுங்கள், ஒரு குறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது நல்ல ஆலை தோற்கும் வாய்ப்பு நூற்றில் ஐந்தரையாகக் குறைகிறது. பத்தில் ஒன்று கெட்ட ஆலை தப்பிக்கும் வாய்ப்போ பத்துக்குள்ளேயே நிற்கிறது. கூடுதலாகப் பதினாறு மூட்டைகள் பார்த்த உழைப்பு நேர்மையானவரைக் காப்பாற்றுகிறது.

இங்கே ஒரு வழுக்குப் பாறை உண்டு. தம்மைத் தாமே சோதிப்பவர் முதலில் 22 மூட்டைகளை எடுக்கிறார். ஒன்றில் குறை தெரிகிறது. "பரவாயில்லை, இன்னும் 16 பார்த்து 38 ஆக்கிவிடுவோம், அதற்கு ஒரு குறை வரை போகலாமே" என்கிறார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குறை வராதபோது 22-இலேயே நிறுத்தியிருப்பார் அல்லவா? இரண்டு வாசல்களில் எது திறந்திருக்கிறதோ அதன் வழியே வெளியேறுகிறார். கெட்ட கிடங்கு தப்பும் வாய்ப்பு இதனால் நூற்றில் 14-க்கு மேல் ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் அவர் பொய் எதுவும் எழுதவில்லை! எத்தனை எடுப்பது, எத்தனை பொறுப்பது என்பதை முதல் மூட்டையைத் தொடுமுன் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது இதனால்தான்.

உத்திரமேரூர்ச் சிறுவன்

மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஒரே ஒரு தூணின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு மூட்டைக்கும் அகப்படும் வாய்ப்புச் சமமாக இருக்க வேண்டும். அதுவே புள்ளியியல் விதிக்கும் நிபந்தனை. முன்வரிசையிலிருந்து 22 மூட்டைகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்துவிட்டு இந்த எண்களைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. அங்கே 0.9 என்பதே கிடையாது. அடுக்கியவர் விரும்பிய எண்தான் கிடைக்கும்.

தேர்ந்தெடுப்பவர் நேர்மையானவராக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. உங்கள் வகுப்பில் ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். ஏழு அளவுக்கு மீறி வருவதைக் காண்பீர்கள். யாரும் ஏமாற்றவில்லை, மனம் தானாகவே ஒரு பக்கம் சாய்கிறது. கிடங்கிலும் அப்படித்தான். பதினாறாவது அடுக்கில் ஏணி வைத்து ஏற வேண்டிய மூட்டையைவிடக் கைக்கு எட்டும் மூட்டை கண்ணுக்கு அழகாகத் தெரியும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன; கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்ததைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதில் செய்யப்பட்ட முன்னேற்பாடுகளைப் பாருங்கள். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலைகளைக் குலுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும், ஓலையை மாற்றிவிட்டார் என்று யாரும் சொல்லாதபடி. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. ஊர்ப் பொருளை வைத்திருப்பவர் கணக்குக் காட்டுவதும், கண்கட்டிய தேர்வும் நமக்கு அன்னியச் சரக்குகள் அல்ல.

அந்தச் சிறுவனின் வேலையை இன்று எண்கள் செய்கின்றன. 1927-இல் திப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி, 41,600 இலக்கங்கள் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டார். இப்போது கணிப்பொறியே அத்தகைய எண்களைத் தருகிறது. ஆலைப் பதிவேட்டில் மூட்டைகளுக்கு 0001 முதல் 5000 வரை எண் இருந்தால், நான்கிலக்க எண்களாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். 7312 போன்று எல்லைக்கு வெளியே வருவதை விட்டுவிட வேண்டும். சோதனை நாள் காலை வரை எந்த எண்கள் வரும் என்பது ஆலையில் எவருக்கும் தெரியக் கூடாது.

எண் விழுந்த மூட்டை அடுக்கின் நடுவில் புதைந்திருந்தால்? இழுத்துத்தான் ஆக வேண்டும். "பக்கத்து மூட்டையும் அதே நெல்தானே" என்று மாற்றிக்கொண்டால் சீட்டுப் போட்டதே வீண். தேடியும் கிடைக்கவில்லை என்றால் வேறு எண் எடுத்து ஈடு செய்யக் கூடாது; கிடைக்காததே ஒரு குறை. தற்சோதனைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். காணாமற்போன மூட்டையின் இடத்தில் ஒரு நல்ல மூட்டை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. பதிவேட்டில் எண் எடுத்துக் கிடங்கில் மூட்டையைத் தேடினால், இல்லாத மூட்டை அகப்படும். ஆனால் பதிவேட்டில் ஏறாமல் கிடங்கில் கிடக்கும் மூட்டை ஒருபோதும் அகப்படாது. அதற்குத்தான் எண்ணே இல்லையே! ஆகவே தரையிலிருந்தும் தொடங்க வேண்டும். அடுக்கு, வரிசை, உயரம் என்று மூன்று எண்களைச் சீட்டில் எடுத்து, அங்கே இருக்கும் மூட்டை பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் ஆலைக்காரர் தாமே செய்து அறிக்கை தருகிறார். அதை நம்புவது எப்படி? பிரசாந்த சந்திர மகலனோபிஸ் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த இவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் என்பதில் எங்கள் துறையினருக்குச் சிறிது கர்வம் உண்டு. 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை மாதிரி முறையில் மதிப்பிட்டபோது, ஒரே நிலப்பகுதிக்கு இரண்டு மாதிரிகளைத் தனித்தனியே எடுத்தார். இரண்டு குழுவினர் ஒருவரையொருவர் கலக்காமல் அளந்தனர். இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. வாய்ப்பினால் ஏற்படக்கூடிய அளவைத் தாண்டி விலகினால், எங்கோ கோளாறு. போய்ப் பார்க்க வேண்டும். ஆலை தன் 38 மூட்டைகளைப் பார்க்கட்டும். அதிகாரி வேறு சீட்டுகள் எடுத்துத் தம் 38-ஐப் பார்க்கட்டும். ஆலை பார்த்தவற்றில் சிலவற்றை அவர் மறுபடியும் எடை போடட்டும். இரு பக்கத்துக் கணக்குகளும் ஆண்டுக்கணக்கில் ஒத்து வந்தால், அதிகாரி வரும் தடவைகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நெல் இல்லாமலே நீங்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம். 200 புளியங்கொட்டைகளைச் சேகரியுங்கள். இருபதில் மட்டும் வெள்ளை மையால் சிறு புள்ளி வையுங்கள். புள்ளி நன்றாகக் காயட்டும். விரலுக்கு வேறுபாடு தெரிந்தால் சோதனை கெட்டுவிடும். ஒரு பையில் போட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு மாணவர் பார்க்காமல் 21 கொட்டைகளை எடுத்துப் புள்ளிகளை எண்ணட்டும். பின் எல்லாவற்றையும் பையில் போட்டுக் குலுக்கி அடுத்தவரிடம் கொடுங்கள். முப்பது பேர் எடுத்து முடித்தால், புள்ளியே அகப்படாதவர் ஏறத்தாழ மூவர் இருப்பர். ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம்.

பிறகு அதே கொட்டைகளை மேசை மேல் கொட்டுங்கள். ஒரு மாணவரைக் கிடங்குக்காரராக நியமித்து, கொட்டைகளைத் தம் விருப்பம்போல் குவித்து வைக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, குவியலைக் கலைக்காமல், கைக்கு எட்டும் 21 கொட்டைகளை மட்டும் எடுத்துப் பார்க்கட்டும். ஒருவர் பார்த்ததும் கிடங்குக்காரர் பழையபடி குவித்து வைக்கலாம். இம்முறை புள்ளி அகப்படாதவர் எத்தனை பேர் என்று எண்ணி, இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள்.